சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களில் அவர் மட்டும் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தியில் பார்த்தேன். பாயசத்தை இலையிலேயே ஊற்றச் சொல்லி வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள் ஆள் இல்லை, வாசலில் செருப்பும் இல்லை. பொரியலில் உப்பு கம்மியோ, கூப்பிட்ட முறையில் குறையோ என்று என் வீட்டுக்காரர் கலங்கிப்போனார். அந்த எதிர்வீட்டுக்காரரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொண்டார்.

"அவரு எங்கேர்ந்தும் சொல்லிட்டுக் கிளம்ப மாட்டாரும்மா. எங்க ரிசப்ஷன்லயே பாதியில ஸ்டேஜை விட்டு இறங்கிப் போயி, வெளிய பெட்டிக்கடையில நின்னு பேப்பர் படிச்சாரு. ஆல்பத்தைப் பாரு, பாதி போட்டோல நான் மட்டும்தான் நின்னுட்டு இருப்பேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்தவர் "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலித்துவிடுமா? படித்த மனுஷன் வேறு. அப்புறம் பழகிப்போயிற்று. பேச்சு நடுவில் நாற்காலி காலியாக இருந்தால் "சார் கிளம்பிட்டாரு" என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

அவர் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். சரித்திரத்திலும் அமெரிக்க சரித்திரம். பாடத்திட்டத்தில் அந்தத் தாளை வேறு யாரும் தொட மாட்டார்களாம், இவர் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியதை இவர் கடைசிவரை அவிழ்க்கவில்லை. ஊரில் அவருக்கு 'அமெரிக்கா சார்' என்று பெயர். அமெரிக்காவுக்குப் போனவர் என்று நினைத்து, பிள்ளைகளுக்கு விசா கேட்டு வந்தவர்கள்கூட உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையத்தையே அவர் மின்சார ரயிலில் போகும்போது வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் மனை பிரித்த புதிதில் எங்கள் நகரில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வீடுகள். நான் கலெக்டர் ஆபீசில் உதவியாளர் என்பதால் நடந்து போகிற தூரம் என்று வாங்கினோம். அவர் வீடு எங்களுக்கு எதிரே. அடுத்தது பாயுடையது. பாய்க்கு டவுனில் ஹார்ட்வேர் கடை. அவருடைய தாத்தா காலத்திலிருந்து இந்த ஊருக்கு ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற குடும்பம். தெருவிளக்கும் இல்லாமல், பாம்பும் ஜாஸ்தியாக இருந்த அந்த நாளில், சாரும் பாயும் சேர்ந்துதான் நகர் நலச் சங்கம் ஆரம்பித்தார்கள். போர் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். தொட்டிக்கு அடியில் நிழல் இருக்கும். சாயங்காலமானால் அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிடும். சங்கத்துக்கு நான் செயலாளர். செயலாளர் என்றால் வேறொன்றுமில்லை, மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பதும் சார் சொல்கிற கதையைக் கேட்பதும்தான்.

அந்தக் கதைகளில் பெயரே வராது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி 'பெரியவரு'. அதற்கப்புறம் வந்தவர்கள் 'ரெண்டாவது ஆளு', 'மூணாவது ஆளு'. ஏன் சார் இப்படி என்று கேட்டேன்.

"பேரு சொன்னா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆயிடும்மா. இப்படிச் சொன்னா நம்ம வீட்டு விஷயம் மாதிரி இருக்கும் பாரு."

உண்மையில் அப்படித்தான் இருந்தது. மூன்று பேரும் எங்கள் தெருவில் பங்காளிகளாகக் குடியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

"வெள்ளைக்கார ராஜாவோட படையை அடிச்சுத் துரத்தினாரு பெரியவரு. மொத்த ஊரும் அவரு பின்னாடி நிக்குது. நான்தான் இனிமே ராஜான்னு உக்காந்திருந்தா ஏன்னு கேக்க ஆள் கிடையாது. உக்காரல. ரெண்டு தடவை ஜனாதிபதியா இருந்தாரு, மூணாவது தடவை வேணாம்னு எழுந்து பண்ணைக்குப் போயிட்டாரு. உக்கார்றது பெரிய விஷயமே இல்ல பாய். எழுந்திருக்கிறது இருக்கு பாருங்க, அதான் கஷ்டம்."

"பஸ்ல ஜன்னல் சீட்டையே எவனும் விட மாட்டேங்கிறான் சார்" என்பார் பாய்.

ஒருநாள் மூணாவது ஆளின் கதை நடந்துகொண்டிருந்தது. நாடு பிறந்தபோது சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவர். மனிதர்கள் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதினாராம். எழுதச் சொல்லி முன்னே தள்ளியது ரெண்டாவது ஆள்தானாம். அத்தனை சிநேகிதமாம் அவர்களுக்குள். டீ கொண்டுவந்த அக்கா நின்று கேட்டார்.

"எல்லாரும் சமம்னு எழுதினாரே, அவரு வீட்ல பாத்திரம் தேய்ச்சது யாரு?"

"அடிமைங்கதான்" என்றார் சார். "பெரியவரு பண்ணையிலயும் அடிமைங்கதான்."

"அப்ப என்னா சமம்?"

சார் டீ டம்ளரை நாற்காலிக் கைமேல் வைத்தார். எழுந்தார். போய்விட்டார். மறுநாள் வந்ததும் வராததுமாக, "அவ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல பாய். இத்தனை வருஷத்துல கிளாஸ்ல ஒருத்தனும் கேக்கல. நானும் கேட்டுக்கல" என்றார். அவர் எழுந்து போவது திமிரால் அல்ல என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மனதில் ஏதாவது தைத்துவிட்டால் அவரால் பிறர் எதிரில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் பிற்பாடு வேறு வேறு கட்சியாகி, ஒருவரை எதிர்த்து ஒருவர் தேர்தலில் நின்றார்கள். நாட்டில் எல்லாவற்றையும் தலைநகரமே பார்த்துக்கொள்ள வேண்டுமா, அந்தந்த மாகாணம் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்பது சண்டை. வாய் கூசாமல் ஏசிக்கொண்டார்கள். ரெண்டாவது ஆள் தோற்றார். மூணாவது ஆள் பதவி ஏற்கிற அன்று, விடிவதற்கு முன்பே வண்டி கட்டி ஊரைவிட்டுப் போய்விட்டார்.

"தோத்தவன் நாற்காலியை விட்டு எழுந்தான், ஜெயிச்சவன் உக்காந்தான். ஒரு துப்பாக்கி வெடிக்கல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. உலகத்துல எத்தனை தேசத்துக்கு இந்தக் குடுப்பினை? அப்பேர்ப்பட்ட நாள்ல போயி, பக்கத்துல நின்னு ஒரு கை குடுத்திருக்க வேணாமா? நல்ல மனுஷந்தான். ஆனா அன்னிக்குப் பண்ணது சின்னத்தனம்." சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கும்.

"விடுங்க சார், பாவம், தோத்த வருத்தம்" என்று பாய்தான் ரெண்டாவது ஆளுக்கு வக்காலத்து வாங்குவார்.

இதையெல்லாம் இவ்வளவு தெரிந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா?

நகர் பெருத்தது. போர்த் தண்ணீர் குறைந்தது. இன்னும் ஆழமாக நம்மிடமே ஒரு போர் போடலாம் என்றார் சார். எத்தனை போர் போட்டாலும் பூமியில் இருந்தால்தானே வரும், கூட்டுக் குடிநீர்க் குழாயை நம் பக்கம் கொண்டுவர மனு கொடுப்போம் என்றார் பாய். முதலில் வாதம், அப்புறம் வேகம், அப்புறம் சார் தரப்பு, பாய் தரப்பு என்று தெருவே பிரிந்தது. அதுவரை சாரையே கை தட்டித் தேர்ந்தெடுத்த தலைவர் பதவிக்கு அந்த வருஷம் சீட்டுப் போட்டுத் தேர்தல் வைத்தோம். பாய் ஜெயித்தார்.

பொறுப்பு மாற்றிக்கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவு. தொட்டிக்கு அடியில் பந்தல் போட்டு, போண்டாவுக்குச் சொல்லியிருந்தோம். எங்கள் சங்கத்தில் பதவி என்பது மோட்டார் ரூம் சாவிதான். பழைய தலைவர் அதைப் புதியவர் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சடங்கு. காலையில் பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், அவர் வீட்டுக் கேட்டில் சாவி தொங்குகிறது. சார் விடிவதற்கு முன்பே கிரிவலம் போய்விட்டார்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு கதை உண்டு. மாட்டுப் பொங்கலன்று கோவிலில் திருவூடல் உற்சவம். சுவாமிக்கும் அம்மனுக்கும் சண்டை வந்து, அம்மன் கோவிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நடுவில் சுந்தரமூர்த்தி நாயனார் தூது போவார், பலிக்காது. சுவாமி வெளியிலேயே தங்கி, மறுநாள் மலையைச் சுற்றி வந்துதான் சமாதானம் ஆகும். அதனால் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. "சார் திருவூடல் பண்ணிட்டாரு, மலையைச் சுத்திட்டு வந்துடுவாரு" என்று போண்டாவைப் பிட்டுக்கொண்டே பேசினார்கள். பாய் சிரிக்கவில்லை.

"பால் பாக்கெட் மாதிரி மாட்டிட்டுப் போயிருக்காரு பாரும்மா. 'இந்தாங்க பாய்'னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தா என் கை சுட்டுடுமா? நான் அவருகிட்டேர்ந்து புடுங்கிக்கிட்டவனா?"

கையில் சாவியோடு அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

வெயில் ஏறின பிறகு சார் வந்தார். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வேண்டுமென்றே மெதுவாக நடந்திருக்கிறார். கால் முழுக்கப் புழுதி. கேட்டருகே நான் பிடித்துக்கொண்டேன்.

"சார், ரெண்டாவது ஆளு பண்ணதையே பண்ணிட்டு வந்திருக்கீங்க."

முகம் செத்துப்போயிற்று. கால்கூடக் கழுவாமல் உள்ளே போய்விட்டார். நான் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், தெருவில் அந்தக் கதை முழுசாகத் தெரிந்தவர்கள் நானும் பாயும்தானே. பாய் சொல்ல மாட்டார்.

அன்றோடு தொட்டிக்கு அடியில் அமெரிக்கா நின்றுபோயிற்று. இருவரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒருவர் வண்டி எடுக்கிற சத்தம் கேட்டால் மற்றவர் உள்ளே போவார். பொங்கல் வந்தது, ரம்ஜான் வந்தது. பாய் வீட்டு பிரியாணி எங்களுக்கு வரும், எதிர்வீட்டுக்கு அக்கா பெயரில் தனியாகப் போகும். அக்கா செய்த அதிரசம் பாய் சம்சாரத்துக்குப் போகும். பெண்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சார் மட்டும் வாடிப்போனார். கதை சொல்ல ஆள் இல்லாத மனுஷனைப் பார்க்கச் சகிக்காது. "அவருக்குப் போயி பேசணும்னுதான் இருக்கு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. இப்படியே ரெண்டு பேரும் போயிடுவாங்களோன்னு பயமா இருக்கும்மா" என்று அக்கா என்னிடம் கண் கலங்கினார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

பிறகு பாயின் மனைவி இறந்துபோனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அதிரசப் பாகு பதம் தவறும்போதெல்லாம் சிரிக்கிற அம்மா அவர். காலையில் பாய் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் ஒரு வேலையாக டவுனுக்கு ஸ்கூட்டியில் போனேன், கபர்ஸ்தானைத் தாண்டித்தான் போக வேண்டும். அடக்கம் முடிந்து ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எதிர்ச்சாரியில், ஒரு மூடின கடை வாசலில், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சார் நின்றிருந்தார்.

வண்டியை நிறுத்தினேன். "எப்ப வந்தீங்க சார்?"

"மசூதியிலேர்ந்து பின்னாடியே நடந்து வந்தேன். அந்தம்மாவைச் சுமந்த சந்தூக்கைக்கூட நாலடி தூக்கினேன். பாய் முன்னாடி இருந்தாரு, பார்க்கல."

"கிளம்பலயா?"

"பாய் இன்னும் உள்ள இருக்காரும்மா."

எங்கேயும் பாயசம் முடிவதற்குள் காணாமல் போகிறவர். கூட்டம் கலைந்தது, பந்துக்கள் போனார்கள், இவர் நின்றார். கடைசியில் பாய் மகன்களைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், தலையைத் தூக்காமல் காரில் ஏறினார். கார் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சார் கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வந்தேன்னு சொல்லிடாத. காட்டிக்கிற மாதிரி ஆயிடும்" என்றார்.

பத்து நாள் கழித்துப் பாய் கடை திறந்தார். ஒரு தாழ்ப்பாள் வாங்குகிற சாக்கில் போனேன். வந்தவர், வராதவர் பற்றிப் பேச்சு வந்தது.

"ஊரே வந்துச்சும்மா. அவரு வரல. நம்ம மேல கோபம் இருக்கட்டும். அவ என்னா பண்ணா?"

என் வாயில் நிற்கிற விஷயமா இது? தூது போகிறவர்களின் கதையும் சார் சொன்னதுதான். மூணாவது ஆளை நான் எப்பவும் நேசித்தேன், இன்னும் நேசிக்கிறேன் என்று ரெண்டாவது ஆள் தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் சொன்னாராம். அது மூணாவது ஆள் காதுக்குப் போனதும், எனக்கு இது போதும் என்றாராம். அதற்குப் பிறகு சாகும்வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். நான் பாயிடம் கண்டதை அப்படியே சொன்னேன். மசூதியிலிருந்து நடந்தது, தூக்கியது, கடை வாசலில் நின்றது.

பாய் தாழ்ப்பாளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே கேட்டார். "எது வரைக்கும் நின்னாரு?"

"நீங்க கார்ல ஏறிப் போற வரைக்கும் பாய்."

அவர் சுற்றிக்கொண்டேயிருந்தார். தாழ்ப்பாளுக்கு அவ்வளவு பேப்பர் தேவையில்லை.

அன்று சாயங்காலமே பாய், சார் வீட்டுக் கேட்டுக்கு வந்தார். சார் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்திருக்கலாம் இல்ல சார்?"

சார் எதிரே வாசலில் நின்ற என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். பிறகு, "நீங்க அழுதுட்டு இருந்தீங்க" என்றார்.

"அதுக்குத்தான் வரணும்."

குழாய்த் தண்ணீர் சார் கால்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. "சாவியை உங்க கையில குடுத்திருக்கணும் பாய். தப்பு."

"ஆமா சார். குடுத்திருக்கணும்" என்றார் பாய். பரவாயில்லை, விடுங்கள் என்று ஒப்புக்குச் சொல்லாமல் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. அக்கா டீ போட உள்ளே ஓடினார்.

நாற்காலிகள் மறுபடி தொட்டிக்கு அடியில் வந்தன. குழாயும் வந்தது, கோடையில் அது காலை வாரியதால் போரும் வேண்டியிருந்தது. அதைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் ஒரே நாளில், அதுவும் நாட்டின் சுதந்திர தினத்தன்று இறந்துபோன கதையைச் சார் சொன்னபோது பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நமக்கு அது வேணாம் சார். ரெண்டு சாவும் ஒரே நாள்ல விழுந்தா தெருவுல டீ போடக்கூட ஆள் இருக்காது."

பிறகு நாலாவது ஆளின் கதை ஆரம்பமாயிற்று. உண்மையில் அது அவர் வீட்டம்மா கதை. வெள்ளைக்கார ராஜாவின் படை மறுபடியும் வருகிறது, தலைநகரையே கொளுத்தப் போகிறது. புருஷன் வெளியே படையோடு. மாளிகையில் அந்தம்மா. மேஜையில் சாப்பாடு எடுத்து வைத்தபடி இருக்கிறது. எல்லோரும் ஓடு ஓடு என்கிறார்கள். சுவரில் பெரியவர் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது, அதை எடுக்காமல் வர மாட்டேன் என்கிறாள்.

"சட்டத்தைக் கழட்ட முடியல பாய். சுவத்தோட சேர்த்து முடுக்கி வச்சிருக்கு. வாசல்ல வண்டி நிக்குது. எதிரி கிட்ட வந்துட்டான்."

அந்த இடத்தில் எழுந்தார். நடந்தார்.

"சார்! அந்தம்மா தப்பிச்சுதா இல்லையா?" என்று பாய் கத்தினார். சார் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போதே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரைகூட உயிர் இல்லை.

சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அவர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார் என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. பாய் மட்டும் காலையிலிருந்து சுடுகாடு வரை அக்கா பிள்ளைகளோடேயே இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் பாய் தொட்டிக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாய், அந்தம்மா தப்பிச்சுட்டாங்க. சட்டத்தை உடைச்சு படத்தையும் எடுத்துட்டாங்க. நான் போன்ல தேடிப் பார்த்தேன்."

பாய் தலையசைத்தார்.

"தெரியும்மா. அன்னிக்கு வீட்டுக்குப் போனதுமே பேத்திகிட்ட கேட்டேன், போன்ல பார்த்துப் படிச்சுச் சொல்லிட்டா. மறுநாள் ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து உக்காந்து, அப்புறம் என்னா ஆச்சு சார்னு கேக்கணும்னு இருந்தேன்."